டீச்சரிடம் எப்படிக் கேட்பது? – சர்வே எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு பாடம்



"ஒரு சர்வே எடுத்துட்டு வாங்க" என்று யாராவது சொன்னால் நாம் என்ன செய்வோம்? கூகுள் ஃபார்மைத் திறப்போம். பத்துக் கேள்வி அடிப்போம். லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிடுவோம். மறுநாள் காலையில் பை சார்ட் ரெடி. பிபிடி-யில் ஒட்டினால் வேலை முடிந்தது. அப்படித்தானே?

நானும் அப்படித்தான் இருந்தேன், இரண்டாம் ஆண்டு என்.எஸ்.எஸ். முகாம் வரைக்கும்.

முகாம் நடந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் நான்கு அரசுப் பள்ளிகள். அங்கே உள்ள ஆசிரியர்களின் வேலை நிலைமை பற்றி சர்வே எடுப்பது எங்கள் குழுவின் பொறுப்பு. "பணியில் திருப்தியாக இருக்கிறீர்களா?", "வசதிகள் போதுமா?", "வேலைப்பளு அதிகமா?" என்று ஆம்/இல்லை கேள்விகள். ஹெச்.எம். அறையிலேயே பெஞ்ச் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவராக வரச்சொல்லி டிக் அடித்தோம். மொத்தம் 31 பேர். எல்லோருக்கும் திருப்தி. வசதி போதும். வேலைப்பளு இல்லை. ஒரே ஒருவர் மட்டும் வேலைப்பளு கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அன்று மாலை பஸ் ஸ்டாப்பில் அவர் நின்றுகொண்டிருந்தார். கணக்கு டீச்சர். "என்ன தம்பி, ரிப்போர்ட் எழுதியாச்சா?" என்றார்.

"ஆச்சுங்க டீச்சர்."

"ஹெச்.எம். பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது வேலை ஜாஸ்தின்னு யாரு தம்பி சொல்லுவா?"

பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்: "நீங்க கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா ராத்திரி வீட்டுக்குப் போய் நான் என்ன பண்றேன்னு இதுவரைக்கும் யாருமே கேக்கல."

அந்த ரிப்போர்ட்டுக்கு எங்களுக்கு முகாமில் கைதட்டு கிடைத்தது. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. எங்கே தப்பு செய்தோம் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் உங்களுக்குப் பயன்படும் என்று தோன்றியதை இங்கே ஐந்து பாடமாகத் தருகிறேன்.

முதலில், டாலிஸ் என்றால் என்ன?

ஆசிரியர்களிடமே அவர்கள் வேலையைப் பற்றிக் கேட்கும் சர்வேக்களில் உலகிலேயே பெரியது டாலிஸ். ஓ.இ.சி.டி. என்ற பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு இதை நடத்துகிறது. மாணவர்களுக்குத் தேர்வு வைக்கும் பீசா பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே அமைப்புதான். 2009 சுற்றின் தொடர்ச்சியாக நடந்த பீசா தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. ஆனால் டாலிஸில் இந்தியா இதுவரை சேர்ந்ததில்லை.

டாலிஸ் 2008-ல் 24 நாடுகளில் தொடங்கியது. அடுத்து 2013, 2018, 2024 என்று சுற்றுகள். 2018 சுற்றில் 48 நாடுகளும் பகுதிகளும், சுமார் 2,60,000 ஆசிரியர்கள். முக்கியமாகக் கேட்கப்படுகிறவர்கள் நம்ம ஊர் நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்கு இணையான வகுப்புகளை எடுக்கும் ஆசிரியர்கள். இவர்கள் வேலை செய்யும் முறையைப் பார்த்தால் நாங்கள் செய்த தப்பெல்லாம் வரிசையாகத் தெரியும்.

பாடம் 1: யாரைக் கேட்பது என்பதை ஹெச்.எம். முடிவு செய்யக் கூடாது

எங்களுக்கு அந்த 31 பேர் எப்படிக் கிடைத்தார்கள்? அன்றைக்குப் பள்ளியில் இருந்தவர்களில், ஹெச்.எம். கூப்பிட்டு அனுப்பியவர்கள். பயிற்சிக்குப் போனவர்கள் விட்டுப்போனார்கள். பகுதிநேர ஆசிரியர்கள் அன்று வரும் நாளே இல்லை. அதாவது, அதிகம் சொல்ல விஷயம் உள்ளவர்களே லிஸ்ட்டில் இல்லை.

டாலிஸில் பொதுவாக ஒரு நாட்டுக்கு 200 பள்ளிகள், பள்ளிக்கு 20 ஆசிரியர்கள். பள்ளி கொடுக்க வேண்டியது முழு ஆசிரியர் பட்டியலை மட்டும். அதிலிருந்து 20 பேரைக் குலுக்கல் முறையில் எடுப்பது அந்த நாட்டின் சர்வே மையம். தலைமையாசிரியருக்குத் தனிக் கேள்வித்தாள்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 100 ஆசிரியர் உள்ள பள்ளியிலும் 20 பேரைக் கேட்கிறோம். 20 ஆசிரியர் மட்டுமே உள்ள பள்ளியிலும் 20 பேரைக் கேட்கிறோம். 40 பதில்களையும் சும்மா கூட்டிச் சராசரி எடுத்தால், மொத்த ஆசிரியரில் ஆறில் ஒரு பங்கு மட்டுமே உள்ள சின்னப் பள்ளிக்குப் பாதி ஓட்டு போய்விடும். அதனால் பெரிய பள்ளியின் ஒவ்வொரு பதிலுக்கும் 5 என்றும், சின்னப் பள்ளியின் பதிலுக்கு 1 என்றும் எடை கொடுக்க வேண்டும். எக்செல்லில் ஒரு காலம் சேர்த்தால் போதும். நம்மில் எத்தனை பேர் செய்கிறோம்?

பதில் தராதவர்கள் எத்தனை பேர் என்பதும் முக்கியம். பள்ளிகளிலும் சரி, ஆசிரியர்களிலும் சரி, 75 சதவீதமாவது கலந்துகொள்ள வேண்டும் என்பது டாலிஸ் விதி. 2013-ல் அமெரிக்கா இந்த அளவைத் தொடவில்லை. அதனால் அதன் எண்களைச் சராசரியில் சேர்க்காமல், அட்டவணையில் கோட்டுக்குக் கீழே தனியாகப் போட்டார்கள். லிங்க்கை 300 பேருக்கு அனுப்பி 42 பதில் வந்ததும் "மாணவர்களின் கருத்து" என்று தலைப்பு போடுகிறோமே, அதை நினைத்துப் பாருங்கள்.

பாடம் 2: "வேலைப்பளு அதிகமா?" என்று கேட்காதீர்கள், மணியைக் கேளுங்கள்

"அதிகமா?" என்றால் எதைவிட அதிகம்? ஒருவருக்கு 40 மணி அதிகம், இன்னொருவருக்கு 60 மணி பழகிப்போன விஷயம். அளவுகோலே இல்லாமல் அளப்பது மாதிரிதான் இது.

டாலிஸ் கேட்கும் விதத்தைப் பாருங்கள். கடைசியாக நீங்கள் முழுதாக வேலை பார்த்த வாரத்தில், இந்தப் பள்ளி வேலைக்காக மொத்தம் எத்தனை மணி நேரம் செலவிட்டீர்கள்? "முழு வாரம்" என்றால் லீவு, பண்டிகை, உடம்பு சரியில்லாத நாள் எதுவும் குறுக்கே வராத வாரம். மாலையிலும் சனி, ஞாயிறிலும் செய்த வேலையையும் சேர்க்க வேண்டும். மணி என்றால் 60 நிமிடம். இந்தக் கடைசி விளக்கம் எதற்கு? பள்ளியில் ஒரு "பீரியட்" 40 அல்லது 45 நிமிடம்தான். சொல்லாவிட்டால் சிலர் பீரியடை எண்ணிவிடுவார்கள்.

மொத்தத்தைக் கேட்டபிறகு பிரித்துக் கேட்கிறார்கள்: வகுப்பு எடுத்தது, பாடம் தயாரித்தது, நோட்டு திருத்தியது, அலுவலக வேலை, பெற்றோரிடம் பேசியது, விளையாட்டு, மன்றங்கள் என்று.

இப்படிக் கேட்டதால் என்ன வெளியே வந்தது? 2018-ல் ஜப்பானின் நிலையைப் பாருங்கள். பக்கத்தில் இருப்பது கலந்துகொண்ட நாடுகளின் சராசரி, வாரக் கணக்கில்:

மொத்த வேலை – 56.0 மணி (சராசரி 38.3)
வகுப்பு எடுத்தது – 18.0 மணி (சராசரி 20.3)
மன்றம், விளையாட்டு – 7.5 மணி (சராசரி 1.9)
அலுவலக வேலை – 5.6 மணி (சராசரி 2.7)

இரண்டாவது வரியை இன்னொரு தடவை படியுங்கள். கலந்துகொண்ட நாடுகளிலேயே அதிக நேரம் வேலை பார்த்த ஆசிரியர், வகுப்பில் நின்ற நேரம் சராசரியைவிடக் குறைவு! ஓவர்லோடு இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். லோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது பிரித்துக் கேட்டதால்தான் தெரிந்தது. பள்ளி முடிந்தபின் நடக்கும் மன்றப் பயிற்சியும் எழுத்து வேலையும் மட்டும் வாரத்துக்கு 13 மணியைத் தின்றுவிடுகின்றன.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டம், ஆசிரியருக்கு வாரம் குறைந்தது 45 மணி என்கிறது, பாடம் தயாரிக்கும் நேரத்தையும் சேர்த்து. அதே சட்டத்தின் 27-ம் பிரிவு, பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்வி சாராத வேலைக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. எமிஸ் பதிவு, பயிற்சி, படிவம் எல்லாம் பள்ளி வேலைக் கணக்கில் வந்துவிடும். அந்த 45 மணியில் பாடத்துக்கு எவ்வளவு, படிவத்துக்கு எவ்வளவு என்று கேட்டால், கணக்கு டீச்சர் சொன்ன "ராத்திரி" அதில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பாடம் 3: "திருப்தியா?" என்ற ஒரே கேள்வியை நம்பாதீர்கள்

டாலிஸ் 2018-ல், மொத்தத்தில் வேலை திருப்தியாக இருக்கிறது என்றவர்கள் சராசரியாக 90 சதவீதம். அங்கேயும் நம்ம ரிசல்ட்தான்! ஆனால் அவர்கள் அதோடு நிறுத்தவில்லை. சம்பளம் திருப்தியா என்று கேட்டபோது 39 சதவீதம்தான் ஆமாம் என்றார்கள். உங்கள் சமூகம் ஆசிரியர் தொழிலை மதிக்கிறதா என்று கேட்டபோது 26 சதவீதம். வியட்நாமில் இது 92 சதவீதம். ஃப்ரான்ஸில் வெறும் 7 சதவீதம்.

ஒரே ஆள், மூன்று கேள்வி, மூன்று விதமான பதில். பிள்ளைகளோடு இருப்பது பிடித்திருக்கலாம். சம்பளமும் மரியாதையும் மனதை அறுக்கலாம். "திருப்தியா?" என்ற ஒரே கேள்விக்குள் அத்தனையையும் திணித்தால் மரியாதைக்கு ஒரு "ஆமாம்" வரும், அவ்வளவுதான்.

இன்னொரு எச்சரிக்கை. தன்னைத்தானே மதிப்பிடும் கேள்விகளை ஊருக்கு ஊர் ஒப்பிடுவது ஆபத்து. 2013-ல், வகுப்பில் கலாட்டாவை அடக்க முடியும் என்றவர்கள் சராசரியாக 87 சதவீதம். ஜப்பானில் 53 சதவீதம். ஆர்வம் இல்லாத மாணவரைப் படிக்கத் தூண்ட முடியும் என்றவர்கள் சராசரியாக 70 சதவீதம். ஜப்பானில் 22 சதவீதம். அப்படியானால் ஜப்பான் ஆசிரியர்கள் மட்டமா? அங்கே மாணவர்கள் பீசாவில் எப்போதும் மேலே இருக்கிறார்கள். "எனக்கு நன்றாக வரும்" என்று தானே சொல்லிக்கொள்வது அந்த ஊரில் வழக்கம் கிடையாது. நம் ஊரிலும் ஒரு நல்ல சமையல்காரரிடம் "நல்லா சமைப்பீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், "ஏதோ செய்வேன்" என்பார்.

பாடம் 4: கேட்பதும் வேண்டும், பார்ப்பதும் வேண்டும்

சொல்வதை மட்டும் நம்பினால் போதாது, நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பீர்கள். இந்தியாவில் அதையும் செய்திருக்கிறார்கள். 2003-ல் 20 மாநிலங்களில், சுமார் 3,700 பள்ளிகளுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் ஆய்வாளர்கள் போனார்கள். அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் 25 சதவீதம் பேர் பள்ளியில் இல்லை. சுமார் பாதிப்பேர்தான் அப்போது பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். இந்த 25 சதவீதம் பத்திரிகை, மேடை, பட்ஜெட் விவாதம் எல்லாவற்றிலும் சுற்றியது. "வாத்தியார் ஸ்கூலுக்கே வர்றதில்லைப்பா" என்று டீக்கடை வரை போய்விட்டது.

2017-ல் அசிம் பிரேம்ஜி ஃபவுண்டேஷன் 6 மாநிலங்களில் 619 பள்ளிகளில் ஓர் ஆய்வு செய்தது. அங்கும் 18.5 சதவீத ஆசிரியர்கள் பள்ளியில் இல்லை. ஆனால் இவர்கள் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டார்கள்: எங்கே போனார்? பலர் அலுவல் வேலையாகப் போயிருந்தார்கள். சிலர் முறையான விடுப்பில் இருந்தார்கள். காரணம் இல்லாமல் வராதவர்கள் 2.5 சதவீதம்தான்.

இந்த இரண்டு ஆய்வுகளுக்கும் இடமும் வேறு, காலமும் வேறு. ஒன்றை வைத்து இன்னொன்றைப் பொய் என்று சொல்ல முடியாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: காலி நாற்காலி "ஆள் இல்லை" என்று மட்டும்தான் சொல்லும். "ஏன் இல்லை" என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதை மனுஷனிடம்தான் கேட்க வேண்டும்.

பாடம் 5: ஒரு எண் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"காலேஜ் சர்வேதானே, என்ன ஆயிடப்போகுது?" என்று நாங்களும் பேசிக்கொண்டோம். இதைக் கேளுங்கள்.

1966-ல் ஜப்பான் கல்வி அமைச்சகம் ஆசிரியர்களின் வேலை நேரத்தைப் பற்றி ஒரு சர்வே எடுத்தது. சராசரியாக மாதத்துக்கு 8 மணி நேரம் கூடுதல் வேலை என்று வந்தது. இதை வைத்து 1971-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: அரசுப் பள்ளி ஆசிரியருக்கு ஓவர்டைம் சம்பளம் கிடையாது, அதற்குப் பதிலாகச் சம்பளத்தில் 4 சதவீதம் சேர்த்துத் தரப்படும்.

காலம் மாறியது, வேலை பெருகியது, 4 சதவீதம் அப்படியே நின்றது. 2016-ல் அதே அமைச்சகம் மறுபடி சர்வே எடுத்தபோது, அந்தப் பருவத்துப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 63 மணி 18 நிமிடம் வேலை பார்ப்பது தெரிந்தது. சட்டப்படி வேலை நேரம் 38 மணி 45 நிமிடம். கழித்துப் பாருங்கள்: வாரத்துக்கே 24 மணிக்கு மேல் கூடுதல். சம்பளக் கணக்கோ மாதம் 8 மணி என்ற பழைய எண்ணிலேயே நின்றது. 4 சதவீதத்தைப் படிப்படியாக 10 சதவீதம் ஆக்கும் சட்டத் திருத்தம் 2025-ல்தான் வந்தது.

ஒரு சர்வே எண் ஐம்பது வருடத்துக்கு மேல் லட்சக்கணக்கான வீடுகளின் சம்பளத்தைத் தீர்மானித்தது. அதை அசைக்கவும் சர்வேக்கள்தான் வேண்டியிருந்தது.

கவனித்தீர்களா? டாலிஸ் 56 மணி என்கிறது, அமைச்சகம் 63 மணி என்கிறது. வருடமும் வேறு, கேட்ட முறையும் வேறு, யாரைக் கணக்கில் எடுத்தார்கள் என்பதும் வேறு. டாலிஸ் கணக்கில் பகுதிநேர ஆசிரியர்களும் உண்டு. அமைச்சகத்தின் கணக்கு முழுநேர ஆசிரியர்களுக்கானது. அதனால் எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்திலேயே எந்தக் கேள்வி, யாரிடம், எப்போது என்று எழுதுங்கள். யூனிட் போடாமல் விடை எழுதினால் லேபில் மார்க் போடுவார்களா? அதே மாதிரிதான்.

சரி, நம் ஃபார்ம் எப்படி இருக்க வேண்டும்?

டாலிஸ் எந்தச் சுற்றையும் நேரடியாக நடத்துவதில்லை. முதலில் சிலரிடம் கொடுத்துப் பார்ப்பார்கள், பிறகு சின்ன அளவில் ஒரு வெள்ளோட்டம், அப்புறம்தான் உண்மையான சர்வே. நானும் புது ஃபார்ம் ஒன்றைத் தயார் செய்தேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை அந்தக் கணக்கு டீச்சர் வீட்டுக்கே எடுத்துப் போனேன். பேர் எழுத வேண்டாம், பள்ளிப் பேரும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

டீச்சர் பேனாவை எடுத்து முதலில் என் ஃபார்மைத்தான் திருத்தினார். "மத்த டீச்சர் வராத வகுப்பைச் சேர்த்துப் பாத்துக்கறது எங்க? அதுக்கு ஒரு வரி போடு." போட்டேன். "மதியச் சாப்பாட்டு நேரத்துல பிள்ளைங்களைப் பாக்கறது?" அதையும் போட்டேன். பிறகு ஒவ்வொரு நாளாக விரல்விட்டு எண்ணி எழுதினார். கூட்டிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இவ்வளவு ஆகுதுன்னு எனக்கே இப்பதான்ப்பா தெரியுது" என்றார்.

எத்தனை மணி என்று இங்கே எழுத மாட்டேன். ஒருவர் சொன்ன எண் சர்வே ஆகாது. அதுதானே இவ்வளவு நேரம் பேசிய பாடம். ஆனால் ஃபார்ம் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த முகாமுக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்கு ஐந்தே வேண்டுகோள்:

1. முழுப் பெயர்ப் பட்டியலை வாங்கி நீங்களே குலுக்கிப் போடுங்கள். பகுதிநேர ஆசிரியர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
2. ஹெச்.எம். அறையில் உட்காராதீர்கள். தாளைக் கொடுத்து, மூடிய பெட்டியில் போடச் சொல்லுங்கள்.
3. கடைசி முழு வாரத்தின் மணிக்கணக்கைப் பிரித்துக் கேளுங்கள்.
4. யாருக்காவது ஒருவருக்குக் கொடுத்து முதலில் திருத்தி வாங்குங்கள்.
5. ரிசல்ட்டை முதலில் அந்த ஆசிரியர்களிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். நம் பிபிடி அதற்கு அப்புறம்.

ஃபார்ம் வேண்டும் என்பவர்கள் மெக்கானிக்கல் பிளாக்கில் என்னைப் பிடிக்கலாம். அந்த நான்கு பள்ளிகளுக்கும் நாங்கள் ஒரு சரியான ரிப்போர்ட் பாக்கி வைத்திருக்கிறோம். இந்த வருடம் அதை முடித்துவிடுவோம், வாங்க!